கொண்டைக்கு மேலே ஒரு ஹெல்மெட்

மார்ச் 3

நாத்தனாருக்கு,

பதினாறு நாளா போன் அடிச்சுப் பார்த்துட்டேன். என் நம்பர்னு தெரிஞ்சா எடுக்க மாட்டேங்கறே. உங்க அண்ணன் நம்பரையும் எடுக்கறதில்ல. அதான் கடிதம். இதை நடுவுல வெட்டிட்டு வெக்க முடியாது பாரு.

போட்டி அன்னிக்குக் காலையில நான் செஞ்சது முரட்டுத்தனம்தான், ஒத்துக்கறேன். ஆனா நடந்ததை நடந்த மாதிரி சொல்லணும். மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகல. ரோடு முழுக்க வழுக்கல். நீ புதுச் செருப்பு, ஒரு கையில மேக்கப் பெட்டி, தலையில அடுக்கு அடுக்கா கொண்டை, அந்தக் கோலத்துல சைக்கிளை எடுக்கறே. "ஹெல்மெட் போடு, அதுக்குத்தானே எடுத்துட்டு வந்தேன்"னு மூணு தடவை சொன்னேன். நீ கண்ணாடியில காதோர முடியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தே. நாலாவது தடவை நான் சொல்லல, எடுத்துக் கவுத்துட்டேன்.

என் வேலை என்னன்னு உனக்குத் தெரியும். கம்பெனிக்காரங்க அனுப்பற சைக்கிள் ஹெல்மெட்டை ஒரு இரும்புத் தலையில மாட்டி, ஆள் உயரத்துக்கு ஏத்தி, கீழ இருக்கற இரும்புப் பாளத்து மேல போடறது. உள்ளே எவ்வளவு அடி இறங்குச்சுன்னு கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் வரும். ஹெல்மெட் இல்லாம வெறும் தலையைப் போட்டா வர நம்பரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். அதுக்கப்புறம் சைக்கிள்ல யாரு வெறுந்தலையோட போனாலும் எனக்கு அவங்க முகம் தெரியறதில்ல, அந்த நம்பர்தான் தெரியுது.

உங்க அண்ணன் பின்னால நின்னுக்கிட்டு, "மன்னிப்புங்கற வார்த்தை எங்கயாவது வருதா"ன்னு எட்டிப் பார்க்கறார். வருதுன்னு சொல்லிட்டேன். இதோ, மன்னிச்சுக்கோ. ஹெல்மெட்டைப் போட்டுக்கோ. ரெண்டும் சேர்ந்துதான்.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

சௌக்கியமான்னு கேட்கற நிலைமையில நான் இல்ல.

மூணே கால் மணி நேரம்! கையைப் பின்னால வளைச்சு வளைச்சு தோள்பட்டையே கழண்டு போச்சு. அறுபத்திரண்டு ஹேர்பின். அவ்வளவையும் குத்தி முடிச்சு, மூச்சுகூட மெதுவா விட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தா, குழம்புச் சட்டியை மூடற மாதிரி டப்புனு கவுத்தீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா? வருஷத்துக்கு ஒரு தடவை வர போட்டி அது. மேடையில போய் நின்னேன். நடுவரம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பார்த்தாங்க. "இது என்ன ஸ்டைல்மா?"ன்னு கேட்டாங்க. எங்க அண்ணி ஸ்டைல்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

உங்களுக்கு உங்க நம்பர் மாதிரி எனக்கு என் தொழில். என் தலைதான் எனக்கு போர்டு. வீடு வீடா சைக்கிள்ல போய் அலங்காரம் பண்றவ நான். வாசல்ல இறங்கினதும் அந்த வீட்டம்மா முதல்ல பார்க்கறது என் முகத்தை இல்ல, தலையை. நசுங்கின தலையோட போய் நின்னு, "உங்க தலையைக் கொடுங்க, அழகாக்கித் தரேன்"னா யாரு கொடுப்பாங்க? பதினெட்டு வருஷமா ஓட்டறேன். ஒரே ஒரு தடவை விழுந்தேன், அதுவும் முழங்கால்ல.

உங்க சிவப்பு ஹெல்மெட் பத்திரமா இருக்கு. முடி சுருட்டற ரோலரை எல்லாம் அதுல போட்டு வெச்சிருக்கேன். சும்மா சொல்லக் கூடாது, நிறைய பிடிக்குது.

இப்படிக்கு,
பரிசு வாங்காதவ


மார்ச் 15

நாத்தனாருக்கு,

நீ எண்ணினது அறுபத்திரண்டு பின். நான் எண்ணினது நாலு முடி.

மறந்துட்டியா? ஹெல்மெட்டைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, "நாலு முடி வெச்சிருக்கற உங்களுக்குக் கொண்டையோட அருமை எங்க தெரியப்போகுது"ன்னு கேட்டியே. உன் வீட்டு முன்னறை பார்லர்ல அப்ப அஞ்சு பேர் உட்கார்ந்திருந்தாங்க. அஞ்சு பேரும் சிரிச்சாங்க. உங்க அண்ணனும் சிரிச்சார். அப்புறம் இருமல் வந்த மாதிரி நடிச்சார். எனக்கு ஊர் திரும்பற வரைக்கும் பஸ்ல யார் முகத்தையும் பார்க்க முடியல.

போகட்டும். அதுக்காக நான் எழுதல. எனக்குக் கூடப்பிறந்தவ கிடையாது. கல்யாணமாகி வந்த அன்னிக்கு நீ ஓடி வந்து என் தலையில பூ ஊசியைச் சரி பண்ணிவிட்டே. அப்பவே, இனிமே எனக்கு இவதான்னு நினைச்சுக்கிட்டேன். அப்படிப்பட்ட ஒருத்தி தினமும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல வெறுந்தலையோட போறான்னு தெரிஞ்சுக்கிட்டு, இங்க நான் நாள் முழுக்க யாரோ எவரோ தலைக்காக ஹெல்மெட்டை உடைச்சுக்கிட்டிருக்கேன். எனக்கே கேவலமா இருக்கு.

அதனால முடிவா சொல்றேன். ஹெல்மெட் போடறேன்னு நீ எழுதற வரைக்கும் நான் அந்தப் பக்கம் வர மாட்டேன். நீ எனக்கு முழுசா வேணும்டி. கொண்டையோட இருந்தாலும் சரி, இல்லாம இருந்தாலும் சரி.

அண்ணி


மார்ச் 21

அண்ணி,

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு ஒரு கஸ்டமரைத் திருப்பி அனுப்பிட்டேன். கை ஓடல.

அந்த வார்த்தை அசிங்கம். என் வாய் அப்படி, கோபம் வந்தா எதிர்ல இருக்கறவங்களுக்கு எங்க வலிக்கும்னு தேடிப் போய் அங்கயே குத்தும். காய்ச்சல்ல விழுந்து உங்களுக்கு முடி கொட்டினப்ப, தலையணை உறையில இருந்து கொத்துக் கொத்தா எடுத்துப் போட்டவளே நான்தானே. தெரிஞ்சே சொன்னேன் பாருங்க, அதுதான் எனக்கு ஆறல. மன்னிச்சுடுங்க. சிரிச்ச அந்த அஞ்சு பேர்கிட்டயும் நான் பேசிட்டேன். அண்ணனை நீங்க பார்த்துக்கோங்க.

ஹெல்மெட் போடறேன். ரோலரை எல்லாம் கொட்டிட்டு, துடைச்சு, நேத்துல இருந்து போடறேன். எங்க தெருவே வேடிக்கை பார்க்குது. தெருமுனை அயர்ன் கடைக்காரர், "என்னம்மா, ராக்கெட்ல ஏறப் போறீங்களா"ன்னாரு. இப்ப சந்தோஷமா?

போன் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம். உங்க குரலைக் கேட்டா அழுதுடுவேன், தொழில் பண்ற இடத்துல கண் மை கரைஞ்சா நல்லா இருக்காது.

நாத்தனார்


மார்ச் 26, காலை

முதல்ல இதைப் படி. அந்தச் சிவப்பு ஹெல்மெட்டைப் போடாதே. தலையில இருந்தா இப்பவே கழட்டு.

நான்தான் எழுதறேன், உன் அண்ணிதான். நீ போடறேன்னு எழுதின கடிதத்தை சமையல்கட்டு சுவத்துல ஒட்டி வெச்சு மூணு நாள் பெருமைப்பட்டேன். நேத்து லேபுல பதிவேட்டைச் சரிபார்க்கும்போது முப்பத்தொன்பதாம் நம்பர் ஹெல்மெட்டைக் காணோம். நிறம் சிவப்பு. "இடித்தாகிவிட்டது"ன்னு எழுதியிருக்கு. கையெழுத்து என்னோடது.

எங்ககிட்ட இடிச்ச ஹெல்மெட் வலப்பக்க அலமாரியில இருக்கும். மிஞ்சின புதுசு இடப்பக்கம். புதுசை வேலை செய்யறவங்க வீட்டுக்கு எடுத்துக்கலாம். உன்னைப் பார்க்கக் கிளம்பற அவசரத்துல, இந்தச் சிவப்பு அவளுக்கு எடுப்பா இருக்குமேன்னு வலப்பக்கத்துல இருந்து எடுத்துட்டு வந்திருக்கேன். பாளத்துல ஒரு தடவை விழுந்த ஹெல்மெட் செத்தது. வெளிய பளபளன்னுதான் இருக்கும். உள்ளே இருக்கற தெர்மாகோல் அமுங்கிப் போயிருக்கும். அது அமுங்கறதாலதான் தலை தப்பிக்குது, அதனால ஒரு ஹெல்மெட் ஒரு அடியைத்தான் தாங்கும். அதுக்கப்புறம் அது வெறும் தொப்பி. பன்னிரண்டு வருஷமா புதுசா வரவங்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்கறவ நான்.

எங்க மேலாளர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். அவர் திட்டினது ஒண்ணும் காதுல ஏறல. வெறுந்தலையோட போனப்பவாவது நீ பயந்து ஓட்டியிருப்பே. இப்ப என்னை நம்பி ஓட்டறியேன்னுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. உனக்கு ஒண்ணுன்னா நான் என்னடி பண்ணுவேன்?

நேத்து சாயங்காலத்துல இருந்து பதினேழு தடவை போன் அடிச்சுட்டேன். உங்க அண்ணன் முதல் பஸ்ல கிளம்பறார். அவர் வாயால சொன்னா பாதியைக் குழப்பிடுவார்னு இதை எழுதிக் கையில கொடுக்கறேன். நீ நல்லா இருக்கேன்னு ஒரு வரி எழுதி அவர்கிட்டயே கொடுத்தனுப்பு.


மார்ச் 26, மத்தியானம்

அண்ணி,

தலை பத்திரம். கை கால் பத்திரம். வாயும் பத்திரமா இருக்கு, கவலையே படாதீங்க.

நீங்க உண்மையை எழுதிட்டீங்க, நானும் எழுதிடறேன். நான் ஹெல்மெட் போட்டது தெருமுனை வரைக்கும்தான். அயர்ன் கடை தாண்டினதும் கழட்டி ஹாண்டில்பார்ல மாட்டிடுவேன். ரெண்டு தடவை சீப்பால வாரிக்கிட்டு போயிடுவேன். போடறேன்னு எழுதினதுல பாதி பொய், பாதி நிஜம்னு வெச்சுக்கோங்க.

முந்தாநாள் ஒரு வீட்டு வாசல்ல ஸ்டாண்ட் போடும்போது ஹாண்டில்பார்ல இருந்து நழுவி விழுந்துச்சு. இடுப்பு உயரம்கூட இல்ல. நடுவுல விரிஞ்சு ரெண்டா போச்சு! எனக்கு வந்துதே ஒரு கோபம். "இதையா என் தலையில கவுத்தீங்க"ன்னு ஆரம்பிச்சு ஒன்றரைப் பக்கம் எழுதிட்டேன். மிச்சத்தை இன்னிக்கு எழுதலாம்னு உட்கார்ந்தா அண்ணன் வந்து நிக்கறார், சட்டை பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு. நேரா வந்து என் தலையை ரெண்டு கையாலயும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கட்டி வெச்சிருந்த கொண்டை மொத்தமும் கலைஞ்சு போச்சு. நான் தலையை இழுத்துக்கல அண்ணி. நின்னுக்கிட்டிருந்தேன்.

நான் ஏன் ஹெல்மெட் போடறதில்லைன்னு கேட்டா எல்லார்கிட்டயும் தொழில் மேல பழி போடுவேன். அது நிஜம்தான். ஆனா உள்ளுக்குள்ள இன்னொண்ணும் உண்டு. தனிக்கட்டை, விழுந்தா யாருக்கு என்ன குடி முழுகிப் போகுதுன்னு ஒரு நினைப்பு. இன்னிக்கு உங்க கையெழுத்து கோடு தாண்டி கோணிக்கிட்டு ஓடறதைப் பார்த்தேன். நாலு தடவை படிச்சேன். அந்த நினைப்பு இனிமே எனக்கு வராது.

உயிரோட இருக்கற ஹெல்மெட் ஒண்ணு அனுப்புங்க. அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். பின்பக்கம் அது எது வரைக்கும் இறங்கும்? பிடரியில எவ்வளவு இடம் மிஞ்சும்? விரல் கணக்குல சொல்லுங்க.

அண்ணனுக்குச் சாப்பாடு போட்டாச்சு. பட்டனும் சரி பண்ணியாச்சு. போனையும் ஆன் பண்ணி வெச்சிருக்கேன்.

உங்க நாத்தனார்


ஏப்ரல் 4

என் தங்கத்துக்கு,

ஹெல்மெட் பார்சல்ல வருது. இடப்பக்க அலமாரியில இருந்து எடுத்தது. என் கையெழுத்து போதாதுன்னு இன்னும் ரெண்டு பேர்கிட்ட வாங்கினேன்.

நீ கேட்டதுக்குப் பதில், மூணு விரல். சும்மா சொல்லல, இரும்புத் தலைக்குக் கருப்பு நூல்ல கொண்டை கட்டிப் பார்த்தேன். கூட வேலை செய்யறவர், "மேடத்துக்கு உடம்பு சரியில்லையா"ன்னு பக்கத்து டேபிள்ல விசாரிச்சாராம். உச்சியில கொண்டை இருந்தா ஹெல்மெட் உட்கார மாட்டேங்குது, தூக்கிக்கிட்டு நின்னு ஆடுது. பிடரியில, ஓரத்துக்குக் கீழ மூணு விரல் இடத்துல கட்டினா ஒரு தொந்தரவும் இல்ல. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. ஹெல்மெட்டுக்கு உள்ளே வர இடத்துல ஒரு பின்கூட இருக்கக் கூடாது. அடிபட்டா அதுவே குத்தும்.

நீ மனசுல இருந்ததைச் சொன்னே. நானும் சொல்லிடறேன். முடி கொட்டறதுக்கு முன்னாடி நான் ஹெல்மெட் போட்டது தலைக்காக. இந்த மூணு வருஷமா போடறது, தலையை யாரும் பார்க்கக் கூடாதுங்கறதுக்காக. சைக்கிளை விட்டு இறங்கினப்புறமும் கழட்டறதில்ல. பேங்க்ல ஒரு தடவை காவலாளி கழட்டிட்டு உள்ளே வாங்கன்னார். வந்த வேலையை அப்படியே விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். "உன் அண்ணி எவ்வளவு பொறுப்பா எப்பவும் ஹெல்மெட்டும் கையுமா இருக்கா பாரு"ன்னு உங்க அண்ணன் உன்கிட்ட பெருமை பேசுவாரே, அப்பெல்லாம் எனக்கு உள்ளே கூசும். உன்னை மிரட்ட எனக்கு என்ன தகுதி இருக்குன்னு நினைச்சுக்கிட்டுத்தான் மிரட்டினேன்.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணி,

ஹெல்மெட் கனகச்சிதம். தெருமுனை தாண்டியாச்சு, கடைத்தெரு தாண்டியாச்சு, கழட்டல. ஒரு வீட்டு வாசல்ல இறங்கி, கழட்டி, திரும்பி நின்னேன். அந்தம்மா பின்னாலயே வந்து, "எப்படிங்க நசுங்காம இருக்கு?"ன்னு கொண்டையைத் தொட்டுப் பார்க்கறாங்க. அன்னிக்கே அந்த வீட்டுல மூணு தலைக்குக் கட்டிவிட்டேன். மூணு பேரும் சைக்கிள்காரங்க. இவ்வளவு நாளா இவங்க எல்லாம் எங்க இருந்தாங்கன்னே தெரியல!

இப்ப விஷயத்துக்கு வரேன். நின்னுக்கிட்டுப் படிக்கறதா இருந்தா உட்கார்ந்துக்கோங்க. மே மாசம் எங்க சங்கத்துல இன்னொரு போட்டி. வேலைக்குப் போற பெண்களுக்கான தலை அலங்காரம். இந்தத் தடவை சொந்தத் தலை கூடாது, மாடல் ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும். உங்க பேரை எழுதிக் கொடுத்துட்டேன்.

கத்தாதீங்க. அடர்த்தியா முடி இருக்கறவளை அழகா காட்ட நான் எதுக்கு, அவ தானே காட்டிக்குவா. எனக்கு வேண்டியது தினமும் ஹெல்மெட் போட்டு வேலைக்குப் போற தலை. சவுரி வெக்க மாட்டேன், இருக்கறதை வெச்சே கட்டுவேன். நீங்க ஹெல்மெட்டோட மேடை ஏறணும், எல்லாரும் பார்க்க அங்கதான் கழட்டணும். நான் நாலு பேர் முன்னாடி கேலி பண்ணின தலை அது. அதே நாலு பேர் முன்னாடி அதை என் கையால நிமிர்த்திக் காட்டணும்னு எனக்கு ஆசையா இருக்கு. போன்ல கேட்டா சட்டுனு முடியாதுன்னுடுவீங்க, அதான் எழுதறேன்.

வேண்டாம்னா வேண்டாம்னு எழுதுங்க. பேரை அடிச்சுடறேன். சத்தியமா கோபப்பட மாட்டேன்.

நாத்தனார்


ஏப்ரல் 20

நாத்தனாரே,

மூணு தடவை முடியாதுன்னு எழுதிக் கிழிச்சேன். இது நாலாவது தாள். உங்க அண்ணன் குப்பைக்கூடையில இருந்து ஒண்ணை எடுத்துப் படிச்சுட்டு, "நீ போனா நான் முன்வரிசையில உட்காருவேன், அன்னிக்குச் சிரிச்சதுக்கு அதுதான் எனக்குத் தண்டனை"ங்கறார். தண்டனை அவருக்கா எனக்கான்னு கேட்டேன், சட்டுனு பால் வாங்கக் கிளம்பிட்டார்.

வரேன். மண்டபத்துக்கு ரெண்டு பேரும் சைக்கிள்லதான் போகணும், ரெண்டு தலையிலயும் ஹெல்மெட் இருக்கணும். பயமா இருக்குடி. ஆனா வரேன்.

அண்ணி


மே 14

என் நாத்தனாருக்கு,

தினமும் போன்ல பேசறோம். இருந்தாலும் இதை எழுதத்தான் தோணுது.

மேடையில நீ என் பின்னாலயே நின்னே, ஆனா உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. ஹெல்மெட் வார்ல கை வெச்சதும் விரல் நகரவே இல்ல. தினமும் அம்பது பக்கிள் கழட்டற கை. அப்படியே எழுந்து போயிடலாம்னு காலைக்கூட எடுத்துட்டேன். நீ குனிஞ்சு, "அண்ணி, நான் இங்கதான் இருக்கேன்"னே. அப்பதான் கழட்டினேன். யாரும் சிரிக்கல. பின்வரிசையில ஒருத்தங்க நல்லா தெரியணும்னு எழுந்தே நின்னுட்டாங்க. உங்க அண்ணன் கை தட்டின வேகத்துக்கு மூக்குக்கண்ணாடி மடியில விழுந்துச்சு. மூணாம் பரிசு உனக்குக் குறைச்சலா இருக்கலாம். எனக்கு அது ரொம்பப் பெரிசு.

நேத்து வேலை முடிஞ்சு வரும்போது காய்கறிக் கடையில நிறுத்தினேன். பழக்கதோஷம், ஹெல்மெட்டோடவே உள்ளே போயிட்டேன். தக்காளிக் கூடைகிட்ட நின்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம் கழட்டி கையில பிடிச்சுக்கிட்டேன். நீ கட்டின மாதிரி எனக்கு வரல, ஏதோ சுமாரா முடிஞ்சு வெச்சிருந்தேன். கடைக்காரர், "புதுசா குடி வந்திருக்கீங்களாம்மா?"ன்னு கேட்டார். மூணு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவை அவர்கிட்டதான் வாங்கறேன்! ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினேன். "அட, நீங்களா!"ன்னு அவருக்கு ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு தாங்கல. கடையில இருந்த அத்தனை பேரும் திரும்பி என் தலையைப் பார்த்தாங்க. பார்த்துட்டுப் போகட்டும்னு நிதானமா நின்னு தக்காளியைப் பொறுக்கி எடுத்தேன்.

வெளிய வந்து சைக்கிள்ல ஏறினதும் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டேன். தலைக்காக மட்டும்.

உன் அண்ணி